கண்ணாடித் தொட்டியிற் கடல்

கல்முனையிலிருந்து மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை எமக்குக் கிடைத்தது. கணக்குக் கொப்பியிலிருந்து எடுத்த தாளில், கோடு தவறாமல் எழுதப்பட்ட நான்கு பக்கக் கடிதம். துபாயிலே தொழில் பார்க்கும் அவருடைய காக்கா, அங்குள்ள பெரிய வணிகக் கூடத்தில் 2008 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன்காட்சிச்சாலையின் படங்களை அனுப்பியிருக்கிறார். அதன் தொட்டி ஏறக்குறைய ஒரு கோடி லீற்றர் நீர் கொள்வது. அப்படங்களைக் கண்ட நாள்முதல் இம்மாணவருக்கு வீட்டிலேயே ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்க வேண்டுமென்ற ஆசை பிறந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாகப் பெருநாட் காசைச் செலவிடாது சேர்த்திருக்கிறார். மிகுதியைத் தாம் தருவதாக வாப்பாவும் இசைந்துவிட்டார். ஆனால் அவர் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: "ஒரு தரந்தான் வாங்கித் தருவேன், மீன் செத்துப் போனால் மறுதரம் கேட்கக்கூடாது."

கடைத்தெருவிற் சுற்றி மூன்று பொருள்களைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அவற்றுள் எது உகந்ததென நாம் கூற வேண்டுமென்றும் மாணவர் கேட்கிறார். முதலாவது, மேசை மேல் வைக்கத்தக்க உருண்டைக் கண்ணாடிப் பாத்திரம். எட்டு லீற்றர் கொள்வது. கோமாளி மீன் ஒன்றும் அதனுடன் கிடைக்கும். இரண்டாவது, விளக்கும் மூடியும் பூட்டி ஆயத்தமாக விற்கப்படும் இரண்டடித் தொட்டி. மூன்றாவது, தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் வெறுமையாகக் கிடக்கும் நான்கடி நீளமான பழைய தொட்டி. "முதன்முதலாகத் தொடங்குபவனுக்கு இந்த மூன்றாவது மிகப் பெரிதென எல்லாரும் சொல்லுகின்றனர், ஆதலால் முதல் இரண்டில் எது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

வாப்பாவின் நிபந்தனையைப் படித்தபோது எமக்குச் சிறிது நாணம் உண்டாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தோம். அப்போது எம்மிடம் இத்தகைய நிபந்தனை விதிப்பார் எவருமில்லை. மார்கழி மாதம், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், கடற்கரைக்குச் சென்று பிளாஸ்டிக் கலன்களில் நீர் மொண்டு வந்தோம். அன்றே கடையொன்றில் மூன்று மீன்கள் வாங்கினோம். "கடல் மீனுக்குக் கடல் நீர், வேறென்ன வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். எமக்கும் அது நியாயமாகவே பட்டது. முதல் நாள் வீட்டார் அனைவரும் தொட்டியைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்தினோம். இரண்டாம் நாள் நீர் பால்போற் கலங்கிற்று. மூன்றாம் நாட் காலையில் மூன்று மீன்களும் பக்கவாட்டிற் சாய்ந்து மிதந்தன. வீட்டிலிருந்த முதியவர் ஒருவர், "கருவாட்டுக்காவது உதவியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாற் சென்றார். அந்த நாற்றம் எட்டு நாட்கள் வரை அறையை விட்டு நீங்கவில்லை.

அம்மூன்று மீன்களும் ஏன் மாண்டன என்பதை நாம் பின்னரே கற்றறிந்தோம். கல்முனை மாணவர் அதை முன்னரே அறிந்துகொள்வாராயின் அவருடைய பெருநாட் காசு வீணாகாது.

மீன் உண்கிறது; கழிவை வெளியேற்றுகிறது. அக்கழிவின் பெரும்பகுதி அமோனியா என்னும் நஞ்சு. கடலில் அது நொடியிற் பரந்து கரைந்துவிடும். தொட்டியிலோ போக்கிடமின்றித் தேங்கி, மீனின் செவுள்களையே எரித்துவிடும். இந்நஞ்சைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இயற்கையில் உண்டு. பற்றீரியாக்களில் ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். நைத்திரைற்றும் நஞ்சே. மற்றொரு கூட்டம் அதனை நைத்திரேற்று ஆக்கும். இந்த மூன்றாம் பொருளை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நாமும் அவ்வப்போது நீரின் ஒரு பகுதியை மாற்றி அதனைக் குறைத்துவிடலாம். மண்ணில் நிகழும் இவ்வேலை நுண்ணுயிர்களின் செயலென்பதை 1890 ஆம் ஆண்டளவில் தெளிவாக்கியவர் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர். வயலுக்கு எரு இடும் உழவனும் வரவேற்பறையில் மீன் வளர்க்கும் மாணவனும் ஒரே பற்றீரியாக் குடும்பத்துக்குக் கடன்பட்டவர்கள்.

புதிய தொட்டியில் இக்கூட்டம் இராது. கல்லிலும் கண்ணாடியிலும் அது குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். சிலவேளை எட்டும் ஆகலாம். அதுவரை தொட்டியில் மீன் இருத்தலாகாது. நீரையும் கல்லையும் இட்டு, ஓர் இறால் துண்டை உள்ளே போட்டு அழுகவிட்டாற் போதும். அதிலிருந்து எழும் அமோனியாவே நுண்ணுயிர்களுக்கு முதல் உணவு. நீரைச் சோதிக்கும் சிறு மருந்துப் பெட்டி அலங்கார மீன் விற்கும் பெரிய கடைகளிற் கிடைக்கும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்கி இரண்டும் சூனியமாகும் நாளில்தான் தொட்டி மீனுக்கு ஆயத்தமாகிறது. வெறுந் தண்ணீரை ஆறு கிழமைகள் பார்த்துக்கொண்டிருப்பது இளைஞருக்குக் கடினமான காரியம் என்பதை அறிவோம். வயது முதிர்ந்த எமக்கே முடியவில்லையே.

இனித் தொட்டியின் அளவுக்கு வருவோம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. ஒரு கன அடி நீர் 28.3 லீற்றர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 2 கன அடி. அதாவது ஏறத்தாழ 57 லீற்றர். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமானால் 9 கன அடி. ஏறத்தாழ 255 லீற்றர். நீளம் இரண்டு மடங்காக, நீரோ நான்கரை மடங்காகிவிட்டது. உருண்டைப் பாத்திரத்திலுள்ள எட்டு லீற்றர் ஒரு குடத்து நீருக்கும் குறைவானது.

ஒரு மீன் இறந்து கல்லிடுக்கில் மறைந்து கிடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 255 லீற்றரில் அது ஒரு தொல்லை. 57 லீற்றரில் அது ஆபத்து. எட்டு லீற்றரிலோ மற்றெதுவும் உயிர் தப்பாது. வெயில் ஏறினாற் சிறு பாத்திரம் ஒரு மணி நேரத்திற் கொதிப்படையும்; பெரிய தொட்டி மாலை வரை தாங்கும். தம்பியின் கை தவறி உணவு கொட்டிவிட்டாலும் இதே கணக்குத்தான். சிறிய தொட்டி தொடங்குபவனுக்கு, பெரிய தொட்டி தேர்ந்தவனுக்கு என்று உலகம் சொல்லுவது நேர் எதிரான பேச்சு. பிழை விடுபவன் தொடங்குபவனே. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் நீர் அவனுக்கே தேவை. ஆகவே மூன்றில் எதுவென்று கேட்ட மாணவருக்கு எமது விடை, அவர் தள்ளிவைத்த மூன்றாவது தொட்டியே.

ஆனால் அதனை உடனே தூக்கி வந்துவிடலாகாது. முன்னைய உரிமையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மீன் நோய்க்கு இத்தொட்டியிற் செம்பு கலந்த மருந்து இட்டதுண்டா? செம்பு மீனைக் காப்பாற்றலாம். ஆனால் இறால், நத்தை, முருகை முதலிய முதுகெலும்பில்லா உயிர்களுக்கு அது கொடிய நஞ்சு. பழைய கல்லிலும் மணலிலும் நெடுநாள் தங்கியிருக்கும். விடை ஆமென்றால் வேறு தொட்டி தேடுவதே நன்று. இல்லையென்றால் முற்றத்திற் சமதளமான இடத்தில் வைத்துக் கிணற்று நீர் நிரப்பி ஒரு கிழமை கசிவு பார்க்க வேண்டும். சவர்க்காரம் இட்டுக் கழுவுதல் கூடாது. வினாகிரியும் தண்ணீரும் போதும். நீர் மட்டுமே 260 கிலோகிராம் நிறையுடையது. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோகிராமுக்கு மேலாகும். ஐந்து ஆண்மக்கள் ஒரு மேசை மேல் ஏறி நின்றால் என்ன பாரமோ அது. ஆகையால் வீட்டின் கீழ்த்தளத்திலே, சுவரோரத்திலே, பாரந்தாங்கும் மரச்சட்டத்தின் மேல் வைப்பதே முறை. படிப்பு மேசை இதற்கு உதவாது.

நீருக்கு எங்கே போவது? கடலுக்கு அணித்தே வாழ்பவனிடம் இப்படிக் கேட்பது நகைப்புக்கிடமாகத் தோன்றும். ஆயினும் எமது மூன்று மீன்கள் மாண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே எமது எண்ணம். வாடைக்காற்று வீசும் மாரியிற் கிழக்குக் கரையோரம் கலங்கிப் போகும். வாய்க்கால்களும் சாய்ந்தமருதுத் தோணாவும் ஊரின் அழுக்கையெல்லாம் சுமந்துவந்து கடலிற் சேர்க்கும். மழைநீர் கலந்து உப்பும் குன்றும். நாம் மார்கழியில் மொண்டுவந்தது பாதி கடல், பாதி வாய்க்கால். கடல் அமைதியாயிருக்கும் சித்திரைக்குப் பிற்பட்ட மாதங்களில், விடியற்புறம் தொழிலுக்குப் போகும் படகுக்காரர் எவரேனும் அலைக்கு அப்பால், தெளிந்த நீலநீரிலிருந்து கொண்டுவந்து தருவாராயின் அது நல்ல நீர். இருபது லீற்றர்க் கலன் பதின்மூன்று வேண்டும். மாணவரின் மாமா கடற்றொழில் செய்வதாகக் கடிதத்திற் காண்கிறோம், அவரைக் கேட்கலாம். எண்ணெய், டீசல் ஏற்றிய கலனாக மட்டும் இருத்தலாகாது.

அந்நீரையும் உடனே ஊற்றுதல் தகாது. வெளிச்சம் படாமல் மூடி இரண்டு கிழமை வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிரிகளும் சேறும் அடியிற் படியும். தெளிந்ததை மட்டும் துணியில் வடித்தெடுத்து ஊற்ற வேண்டும். கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. மிதவைக் கருவியில் அது 1.025 எனக் காட்டும். படகுதவி கிடையாதவர்கள் இதற்கெனச் செய்த கடலுப்புத் தூளை வடித்த நீரிற் கரைக்கலாம். கறிக்கிடும் உப்பு இதற்கு ஆகாது. கடல்நீரில் உள்ள சுண்ணமும் மகனீசியமும் பிறவும் அதில் வேண்டிய அளவில் இல்லை.

இன்னுமொன்று. தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஓரிரு லீற்றர் நீர் ஆவியாய்ப் போகும். உப்பு போகாது, உப்பளத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். குறைந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறி மீனை வாட்டும். ஆகவே ஈடு செய்ய வேண்டியது நன்னீர். எமது மணற்கரைக் கிணறுகளிற் சில உவர்ப்பானவை. சிலவற்றில் நைத்திரேற்றும் மிகுதி. வடித்த நீரே நலம்.

இவ்விடயம் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை குளிர் நாட்டார் எழுதியவை. அவற்றைத் திறந்தாற் சூடாக்கும் கருவி வாங்குக என்று முதலிலேயே காணலாம். கச்சான் வீசும் ஆடி மாதத்திற் கல்முனையில் மீனுக்குச் சூடு ஊட்ட வேண்டுமா? இங்கே இடர்ப்பாடு மறுதலையானது. தொட்டி நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நன்று; எமது வீடுகளில் அது 30 பாகையைத் தாண்டிவிடும். குளிரூட்டும் இயந்திரம் விலை மிகுந்தது. நல்வாய்ப்பாக மண்குடத்து நீர் எதனாற் குளிர்கின்றதோ அதே நியதி தொட்டிக்கும் பொருந்தும். மூடியைத் திறந்து, நீரின் மேற்பரப்பிற் சிறு மின்விசிறியின் காற்றுப் படவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகும் நீரும் மிகும். மேலே சொன்ன நன்னீர் ஈட்டை நினைவிற் கொள்க. இரண்டடித் தொட்டியை விளக்கும் மூடியுமாகப் பூட்டி விற்பதை நாம் விரும்பாததற்கு அந்த மூடியும் ஒரு காரணம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். நீரைச் சுழற்றும் பம்பி நின்றாற் பிராணவாயு குறையும். வெப்பம் ஏற ஏற நீர் பிராணவாயுவைக் குறைவாகவே கொள்ளும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்க வேண்டும். தாய்மார் கவனத்துக்கு: தொட்டிக்குச் செல்லும் மின்கம்பி, சுவரிலுள்ள சொருகியைவிடத் தாழ்ந்து தொங்கிப் பின்னரே மேலேறட்டும். அப்போது கம்பி வழியே ஓடும் உப்புநீர்த் துளி கீழே சொட்டும், சொருகிக்குட் புகாது.

இத்தனை கருவிகளைக் கேட்டு மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. முருகைத் தொட்டியை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் எம்மைப் போன்ற வெப்பநாட்டுக் கரையோரவாசியே. இந்தோனேசியாவிலே ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த இயற்கை நீரையும் உயிர்கள் குடியிருந்த கற்களையும் தொட்டியில் இட்டு, சூரிய ஒளிபட வைத்து, சிறு காற்றுக் குமிழிகளை மட்டும் ஓடவிட்டு முருகைகளை உயிரோடு வளர்த்தார். 1961 ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் அவர் இதனை எழுதினார். மேலைநாட்டார் அக்காலத்தில் வெளிறிய செத்த கற்களை அலங்காரமாக அடுக்கி, அவற்றிடையே மீன்களை நீந்தவிட்டுக்கொண்டிருந்தனர். மாதக்கணக்கிற்கூட மீன் நிலைக்கவில்லை என்று பலர் சலித்துக்கொண்ட காலம் அது. அந்த உயிருள்ள கல்லே நுண்ணுயிர்களின் வீடென்பது பின்னரே பலருக்கு விளங்கிற்று.

ஆயினும் லீ சின் எங் செய்த ஒன்றை மாணவர் இன்று செய்தல் ஆகாது. உயிருள்ள கல்லைக் கடலிலிருந்து எடுத்தலையே சொல்லுகிறோம். கல்முனைக் கரை மணற்கரை. முருகைக்கல்லைக் காணவேண்டுமாயின் மட்டக்களப்பைத் தாண்டிப் பாசிக்குடாவுக்கோ, அதற்கும் அப்பாற் திருகோணமலைப் புறாத்தீவுக்கோ செல்ல வேண்டும். பாடசாலைச் சுற்றுலாவிற் சென்று ஒரு துண்டை முறித்துப் பையில் இட்டுக்கொண்டு வரும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் எமது நாட்டிற் குற்றம். குற்றமென்று விலக்குவதிலும் அது என்னவென்று அறிந்து விலக்குதல் மேல். முருகை ஒரு விலங்கு. தன் உடலினுள்ளே நுண்ணிய பாசிகளைக் குடிவைத்து, அவை ஒளியிற் சமைக்கும் உணவில் வாழ்வது. நீர் வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை அளவில் உயர்ந்து சில கிழமைகள் நிலைத்தால் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகும். வெப்பம் தணியாவிடின் இறக்கும். 1998 ஆம் ஆண்டு இலங்கையைச் சூழ்ந்த ஆழங்குறைந்த முருகைப் பாறைகளிற் பெரும்பகுதி இவ்வாறு மாண்டது. ஹிக்கடுவையின் பெயர்பெற்ற முருகைத் தோட்டமும் அதிலொன்று. திருகோணமலைப் பக்கம் அவ்வாண்டில் ஓரளவு தப்பிற்று. தப்பியதிலிருந்து நாம் ஒரு துண்டு முறிக்கலாமா?

மீன்தொட்டி ஆசை ஒரு கரையையே வெறுமையாக்கிய கதை ஒன்று உண்டு. இங்கிலாந்திலே பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கை அறிஞர் 1854 இல் கடல்நீர்த் தொட்டி பற்றி ஒரு நூல் எழுதினார். அது பெரும் புகழ் பெற்றது. வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகம் பரவிற்று. மக்கள் கூடைகளோடும் வாளிகளோடும் கடற்கரைப் பாறைக் குழிகளில் இறங்கி, கண்டதையெல்லாம் அள்ளிச் சென்றனர். அவ்வுயிர்களிற் பெரும்பாலானவை, எமது மூன்று மீன்களைப் போலவே, சில நாட்களில் மாண்டிருக்கும். கொஸ்ஸின் மகன் எட்மண்ட் 1907 இல் எழுதிய நினைவு நூலில், தாம் சிறுவயதிற் தந்தையோடு கண்ட அக்குழிகள் பின்னர் வெறிச்சோடிப் போனதைத் துயரத்தோடு குறிப்பிடுகிறார். கடலை நேசித்த தந்தையின் நூலே அதற்கு வழிவகுத்ததென்பதை அவர் மறைக்கவில்லை. இப்பகுதியை எழுதும் எமக்கும் அந்த அச்சம் உண்டு.

எமது நாட்டிலும் அலங்கார மீன் பிடித்தல் பழைய தொழில். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணியாற்றிய ரொட்னி ஜொங்கிளாஸ் என்னும் சுழியோடி அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர். கடல் மீன்களைச் சேகரிக்கும் முறை பற்றி நூலும் எழுதியவர். இன்றும் சுழியோடிகள் காற்றுக்கேற்ப இடம் மாறுகிறார்கள். மாரியில் மேற்கு, தெற்குக் கரைகள். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கரை. கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவர்கள் உண்டு. கல்லின் மேல் வலையைக் கவிழ்த்து, இரும்புக் கோலால் முருகையைத் தட்டி உடைத்து மீனைத் துரத்தும் முறையும் இருந்தது. அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. கடையில் மீனைக் காணும்போது அது எவ்வழியில் வந்ததென்று நமக்குத் தெரியாது. கேட்கலாம். விடை சொல்லாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

தொட்டியிற் பிறந்து வளர்ந்த மீன் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. கோமாளி மீன் இவ்வகையில் முதன்மையானது. 1970 களில் அமெரிக்காவில் அதனை வணிகமுறையிற் பெருக்கத் தொடங்கினர். அக்கரையிலே தமிழ்நாட்டில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் நிலையத்திலும், மண்டபத்திலுள்ள இந்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் அதனை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். இம்மீனைப் பற்றி மாணவர்கள் அறியவேண்டிய வியப்பொன்று உண்டு. எல்லாக் கோமாளி மீன்களும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் வலிமை மிக்கது பெண்ணாக மாறும்; அது இறந்தால் அடுத்தது அவ்விடத்தை ஏற்றுப் பெண்ணாகும். 2003 இல் வந்த 'நீமோ' திரைப்படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தந்தை தேடிப் போகிறது. உயிரியல் படி எழுதியிருந்தால் அத்தந்தை வழியிலேயே தாயாகியிருக்கும்.

கடற்சாமந்தி இல்லாமற் கோமாளி மீன் வாழாதென்று கடையிற் சொல்வார்கள். தொட்டியில் அது தாராளமாக வாழும்; துரத்தும் பகை மீன் அங்கில்லை. கடற்சாமந்தியோ பழகாத தொட்டியில் நிலைப்பது அரிது. அது இறந்தால் நீரையே நஞ்சாக்கும். வண்ணத்துப்பூச்சி மீனின் அழகைக் கண்டு மயங்குதல் வேண்டாம். அவற்றிற் பல முருகையின் தசையையே கொறித்து உண்பவை. வேறு உணவு கொடுத்தால் வாய் திறவாமற் பட்டினியால் மடியும். சிங்க மீனின் முட்களில் விஷம் உண்டு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது. பொத்தான் போன்ற வண்ணப் பூக்கள் அப்பிய கற்கள் சில கடைகளில் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றுட் சிலவற்றில் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அத்தகைய கல்லை அடுப்பிற் கொதிக்க வைத்தும், தேய்த்துக் கழுவியும், அதன் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு வைத்தியசாலை சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. தொட்டிக் கல் எதனையும் சமையலறைக்குக் கொண்டுசெல்ல உம்மா இடந்தரலாகாது.

அப்படியானாற் கல்லுக்கு என்ன செய்வது என்று மாணவர் கேட்பார். சீமெந்தும் சிப்பித் தூளும் குழைத்துத் துளைகள் நிறைந்த கற்களைத் தாமே வார்த்துக்கொள்ளலாம். சில கிழமைகள் நன்னீரில் ஊறவிட்டு, அடிக்கடி நீர் மாற்றிச் சுண்ணக்காரம் நீங்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். அதில் நுண்ணுயிர் குடியேறச் சற்றுக் காலதாமதம் ஆகும். உயிர் முருகை வளர்க்கும் எண்ணத்தை ஓராண்டுக்கு ஒத்திவைக்க வேண்டும். ஓராண்டு மீன்கள் நலமாயிருந்தால் அப்போது எமக்கு எழுதட்டும்; சட்டப்படி, வளர்ப்புத் தொட்டியில் வெட்டி நட்ட கன்றுகளைப் பெறுவது பற்றி அன்று பேசுவோம். ஒளி மிகுந்த விளக்கும் அதுவரை தேவையில்லை; அச்செலவு மிச்சம்.

தம்பி, உமது கேள்விக்கு விடை இதுதான். அந்தப் பழைய நான்கடித் தொட்டியைக் கேட்டு வாங்கும். சட்டத்துக்கும் பம்பிக்கும் சோதனைப் பெட்டிக்கும் பெருநாட் காசைச் செலவிடும். மீனுக்கு இப்போது ஒரு சதமும் எடுத்து வைக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து இரண்டு சிறு கோமாளி மீன்கள். அதற்கு மேல் மூன்று மாதம் வரை ஒன்றும் வேண்டாம். கிழமைக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு நீர் மாற்ற வேண்டும். நன்கு பேணினால் கோமாளி மீன் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். நீர் சாதாரண தரப் பரீட்சை எழுதி, உயர்தரம் முடித்து, தொழிலுக்குப் போன பிறகும் அது உமது வீட்டில் இருக்கும். அப்போது அதற்கு யார் உணவிடுவார் என்று இப்போதே உம்மாவிடமும் ராத்தாவிடமும் பேசி வைத்துக்கொள்ளும். அவர்கள் இசையாவிட்டால், அல்லது இவ்வாண்டு பரீட்சை நெருங்கியிருந்தால், அந்தத் தொட்டியில் நன்னீர் நிரப்பிச் சாதாரண மீன்களை வளர்த்துக்கொண்டிரும். கடல் எங்கும் போய்விடாது.

வாப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தரந்தான் என்ற நிபந்தனையை மாற்றச் சொல்லவில்லை. அது நல்ல நிபந்தனை. அந்த ஒரு தரத்தின் கணக்கை மீன் வந்த நாளிலிருந்து எண்ணாமல், நீர் ஊற்றிய நாளிலிருந்து எண்ணும்படி கேட்கிறோம். "இரண்டு மாதமாக வெறுந் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே" என்று அயலார் சிரிப்பார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டும்.

நீர் ஊற்றும் நாளைக் கலண்டரிற் குறித்து வையும், தம்பி. மூன்று நாளுக்கொரு முறை அமோனியா, நைத்திரைற்று இரண்டின் அளவையும் அதே கணக்குக் கொப்பியில் எழுதி, ஆறாம் கிழமை முடிவில் அப்பக்கத்தை எமக்கு அனுப்பும். இரண்டும் சூனியமாயிருந்தால் அடுத்த ஞாயிறே விடை எழுதுவோம்.